மீன்குழம்பின் மேல் நான் போட்ட வழக்கு

வயிறு வலிக்கத் தொடங்கிய மறுநாள், ஒரு திங்கட்கிழமை, செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பார்த்திருக்க வேண்டியது டாக்டரை. ஆனால் பள்ளி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு நோயைவிட நோயின் பதிவு பெரிது. தேதி, கிழமை, மணி, சாப்பிட்டது, வலி, யார்மேல் சந்தேகம் என்று ஸ்கேல் வைத்து ஆறு கட்டம் போட்டேன்.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, தொப்புளுக்கு மேலே எரிந்து பிடிக்கும் வலி அது. பின்னிரவில் எழுப்பும். இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கிவிடும். தின்றால் அடங்கும் வலி நோயாக இருக்க முடியாது, வெறும் கேஸ்தான் என்று நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஏகமனதாக முடிவானது. ஓமவாட்டர், வெந்தயம், வெறும் வயிற்றில் வெந்நீர் எல்லாவற்றையும் வரிசையாகக் குடித்து, குடித்த மணியையும் எழுதினேன்.

நான்காவது வாரம் குற்றவாளியைப் பிடித்துவிட்டேன். என் மனைவியின் மீன்குழம்பு.

அவள் சதுரங்கப்பட்டினத்துக்காரி. ஞாயிறுதோறும் அவளுடைய அண்ணன் அங்கிருந்து மீன் கொண்டுவருவார். குழம்பு சாப்பிட்ட ஞாயிறு இரவெல்லாம் வலி வந்திருப்பதை சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் காட்டினேன். ரசம் சாப்பிட்ட புதன், வியாழனிலும் வந்திருக்கிறதே என்று அவள் கேட்டாள். அது ஞாயிற்றுக்கிழமையின் மிச்சம் என்று விளக்கினேன். மேற்கொண்டு அவள் சொன்ன ஒரு விஷயத்தையும் 'வீட்டார் கருத்து, ஆதாரமில்லை' என்று ஓரத்தில் குறித்து முடித்தேன். அடுத்த ஞாயிறு, இனி மீன் வேண்டாம் என்று நான் சொன்னதும், மைத்துனர் வாசலிலிருந்தே மீன்பையோடு திரும்பிப் போனார். அதன்பின் அவர் வரவில்லை. அவளும் பிறந்த வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. தினமும் ரசம் வைத்தாள். உப்பு சரியாகவே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அவள் சொன்ன அந்த ஒரு விஷயம் 'செட்'. ஸ்கூட்டரில் போய்வந்து எனக்கு இடுப்புவலி. வேலை முடிந்து திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு மருந்துக்கடையில் நிறுத்துவேன். சீட்டெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை. அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துச் சின்ன காகித உறையில் போட்டுத் தருவதற்குத்தான் செட் என்று பெயர். மாத்திரையின் பெயர் அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

"இன்னா அண்ணாத்த, இடுப்பா? ஒரு செட் போட்டுகினு போ, பறந்துடும்" என்பார் கடைக்காரர். வயிறும் எரிகிறது என்று சொன்ன நாளிலிருந்து அதே உறையில் ஒரு கேஸ் மாத்திரையும் சேர்ந்தது. என் நோட்டில் மட்டும் இது ஏறவேயில்லை. பெயரில்லாத பொருளை எப்படிப் பதிவு செய்வது? தவிர, இடுப்புக்கான மருந்து வயிற்று நோட்டில் எதற்கு?

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மலம் தார் போல் கறுத்துப் போனது. 'நேற்றைய கீரை?' என்று எழுதினேன். மறுநாளும் அப்படியே. எழுந்து நின்றபோது கண் இருட்டியது. அவள் ஆட்டோ பிடித்தாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். வலிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். வயிற்றுவலிக்கு நான் சாப்பிடவில்லைதானே.

அவள் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேஜைமேல் கொட்டினாள். எல்லாம் காலி உறைகள். துவைக்கும்போது என் சட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தவை. ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் தேதி.

"இத்தெல்லாம் எந்தப் பக்கத்துல எழுதிகீறீங்க?" என்றாள். பிறகு டாக்டரிடம், "இவரு கூட இருந்து எனக்கும் தேதி போடுற வியாதி வந்துட்ச்சு சார்."

டாக்டர் உறைகளை நோட்டுக்குப் பக்கத்தில் தேதிவாரியாக அடுக்கினார். முதல் உறைகளுக்குச் சில வாரம் கழித்து முதல் வலி. உறை கூடக்கூட வலியும் கூடியிருந்தது. ரசத்துக்கும் குழம்புக்கும் வித்தியாசமே இல்லை.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையைத் தாண்டியதும் சிறுகுடலின் தொடக்கத்தில் புண், அதிலிருந்துதான் ரத்தம். சோதனையில் ஒரு கிருமியும் இருந்தது. கிருமி போட்ட அடித்தளத்தில் வலி மாத்திரை மாடி கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். காரம் எரியவைக்கலாம், இந்தப் புண்ணை உண்டாக்குவதில்லை என்றும் சொன்னார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு கிருமிக்குப் பதினாலு நாள் மருந்து. வலி நின்றாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. பிறகு கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். செட் இனி வாழ்நாளில் கிடையாது.

எல்லாம் அப்படியே நடந்தது. கடைசிச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்த அன்று, அண்ணனை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லு என்றேன்.

"சொல்றேன். மொதல்ல அந்த நோட்டை எடுங்க."

சிவப்புக் கோடுகளையெல்லாம் அடித்து நீக்கச் சொன்னாள். பக்கம் பக்கமாக அடித்தேன். கடைசிப் பக்கத்தில், மீன்குழம்பின் மேல் குற்றமில்லை என்று என் கையால் எழுதவைத்தாள். படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, கீழே தேதியை அவளே போட்டாள்.