கொலுப்படியில் வெள்ளி மைக் கோலம்

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் என் அக்கா நவராத்திரிக்கு ஸ்ரீரங்கம் வருவது பொம்மை பார்க்க அல்ல, குறை பார்க்க. போன வருஷம் கொலுப்படியில் தொங்கிய சீரியல் லைட்டைப் பார்த்து, இது வீடா, கல்யாண மண்டபமா என்று கேட்டுவிட்டுப் போனாள். என் மனைவிக்கு அது இன்னும் ஆறவில்லை. இந்த வருஷம் வயரே தெரியாமல் விளக்கு எரியும், அக்கா வாயே திறக்க மாட்டாள் என்று வீறாப்பாக அறிவித்தேன். புது லைட் வாங்கப் போன மனைவியைத் தடுத்ததும் நான்தான்.

மின்சாரம் பாயும் வெள்ளி மை ஒன்று கிடைக்கிறது. பழைய பிரிண்டரின் கார்ட்ரிட்ஜைக் கழுவி அதில் நிரப்பி, போட்டோ பேப்பரில் அச்சடித்தால் கோடே வயராகிவிடும். மனைவியைக் குளிர்விக்கலாமே என்று சர்க்யூட்டைச் சிக்குக் கோலம் மாதிரியே வரைந்தேன். இரண்டு கோடுகள் அருகருகே வளைந்து வளைந்து ஓடும். ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். நடுவே குட்டிக் குட்டி பல்புகள். இரண்டு கோடுகளும் எங்கேயும் ஒன்றையொன்று தொடக் கூடாது, தொட்டால் ஷார்ட் சர்க்யூட். இதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அச்சடித்த காகிதத்தைக் காய வைத்துவிட்டு டவுனுக்குப் போய் பல்பு வாங்கி வந்தேன். ஒட்டி, கீழ்ப்படியில் விரித்து, பேட்டரியை மாட்டினேன். ஒரு பல்பும் எரியவில்லை. பேட்டரி மட்டும் தோசைக்கல்லாகக் கொதித்தது. மை விற்றவனில் தொடங்கி பேப்பர் விற்றவன் வரை எல்லோரையும் திட்டித் தீர்த்த பிறகுதான் கோலத்தின் ஓரத்தைப் பார்த்தேன். இரண்டு கோடுகளின் முனைகளும் அழகான ஒரு சுழியில் சேர்ந்திருந்தன. அச்சில் விட்டுப்போன இடத்தைத் தொட்டு வரைய நான் வாங்கி வைத்திருந்த, அதே மை போட்ட வெள்ளிப் பேனாவின் வேலை.

"பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்க. கோலத்துல முனையைத் திறந்து விடக் கூடாதுங்க. உங்க அக்கா மொதல்ல அதைத்தான் பார்ப்பாங்க," என்றாள் மனைவி.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் பிளேடால் அந்தச் சுழியைச் சுரண்டிவிட்டால் போதும், எல்லாம் எரிந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பிளேடோடு குனிந்தபோது அக்கா உள்ளே வந்துவிட்டாள்.

வந்தவள் நேராகக் கீழ்ப்படிக்குப் போனாள். கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே சுற்றி வந்தாள். பல்புகளைக் கல் பதித்தது என்று நினைத்துக்கொண்டாள். விரல் சுழிக்கு வந்து நின்றது.

"ஒரு எடத்துல கூட விட்டுப் போகல. யாரு முடிச்சது?"

"நான்தான் அக்கா," என்றாள் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்கா முன்னால் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிறும் கொஞ்சம் எரிந்தது. அந்த வீட்டில் அன்றைக்கு எரிந்தது அது ஒன்றுதான்.

லைட் எங்கேடா என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"இந்த வருஷம் வேண்டாம்னு விட்டுட்டோம்க்கா," என்றேன். பிளேடைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சுண்டல் எடுத்து வரப் போனேன்.