அழாத பிள்ளை முன்னால்

மரகதம் டாக்டரம்மா போய்விட்டார் என்று சேதி வந்தபோது நான் மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அப்படியே அவர் வீடு இருக்கும் வில்லியனூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

எழுபதுகளில் பாகூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். வாசல்வரை வந்தும் பிள்ளைகள் ஏன் தவறிப்போகின்றன என்று ஆராய வந்தவர். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு அது விளங்கவில்லை. "செத்ததுக்கு அப்புறம் இன்னாத்துக்கும்மா ஆராய்ச்சி?" என்று கேட்டேன். "அடுத்தது சாவாம இருக்கத்தான்யா," என்றார்.

அங்கே நோயாளிகள் வரிசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நம் ஊர் வழக்கம் தெரியுமே, கத்துகிற பிள்ளைக்கு எல்லோரும் வழி விடுவோம். ஒரு ஐப்பசியில், வயிற்றுப்போக்குக் காலம், ஒரு தாய் ஒவ்வொருவராக முன்னே விட்டுக் கடைசிக்கே வந்துவிட்டாள். "அதுங்க கத்துதுங்கண்ணே, போவட்டும். எம்புள்ள தூங்குது."

"எம்புள்ளைங்களையும் உங்கிட்ட அனுப்பறேன், இப்படித் தூங்கப் பழக்கு," என்றேன். வரிசையே சிரித்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வரிசையைக் கடைசியிலிருந்து பார்த்து வருவது அவர் பழக்கம். பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்றது. "தூங்கலம்மா. ஒடம்புல தண்ணி வத்திப்போச்சு, அழத் தெம்பில்ல," என்று தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. மூக்கு வழியே குழாய் விட்டு உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சிறுகச் சிறுக இறக்கினார். நான் பிடித்திருந்த புனலிலிருந்து தண்ணீர் வெளியே சிந்தியது. "ஆடாதய்யா. ஜோக்கு ஒண்ணு சொல்லு," என்றார். நான் இரண்டு கையாலும் புனலை இறுக்கிப் பிடித்தேன். பொழுது சாயும்போது பிள்ளை முனகியது, பிறகு அழுதது. தாய் கும்பிட்டாள். "இரும்மா, இன்னும் கண்ணீர் வரல," என்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் கன்னம் நனைந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

மறுநாள் முதல் அழாத பிள்ளைக்குத்தான் முதல் இடம். "கத்துற புள்ளைக்கு அதோட தொண்டையே காவல். கத்தாததுக்கு நீதான்யா," என்றார். அவர் எழுதிய ஆராய்ச்சியை நான் படித்ததில்லை. அந்தக் கிள்ளல் மட்டும் என் விரலில் தங்கிவிட்டது.

சாவு வீட்டில், அவ்வளவு அழுகைக்கு நடுவே, ஒரு கைக்குழந்தை தாயின் தோளில் சத்தமில்லாமல் கிடந்தது. போய் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தேன். தோல் உடனே சமமாயிற்று. விழித்துக்கொண்ட குழந்தை என் விரலைப் பிடித்துக் கடித்தது. கீழ்ப்பல் நன்றாக முளைத்திருக்கிறது.