பழைய கம்பைலரும் செல்வியக்காவும்

வாஷியிலிருந்து திரும்பும் ரயிலில் பக்கத்தில் நின்றவரின் புதுத் தோல் பையிலிருந்து பசை வாசம் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. எங்கள் கட்டற்ற மென்பொருள் குழு கேட்டிருந்தது: 'பழைய முப்பத்திரண்டு பிட் கணினிகளுக்குப் பதிப்பு தருவதை இனி விட்டுவிடலாமா? யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா?' அந்த வாசமும் இந்தக் கேள்வியும் சேர்ந்து வந்தால் நான் என்ன செய்ய? மனசு தாராவிக்குப் போய்விட்டது.

அங்கே செல்வியக்காவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை இருந்தது. ஒரு தோலில் துண்டுகளை எப்படிப் போட்டால் வீணாகாது என்று வரைந்து காட்டுவதுதான் எங்கள் மென்பொருளின் வேலை. நானே பெருமையாகக் கொண்டுபோய் அக்காவின் கணினியில் போட்டேன். பழைய விண்டோஸ், அதை மாற்றினால் தோல் வெட்டும் இயந்திரம் வேலை செய்யாது.

எழுதிய நிரலை அந்த விண்டோஸில் ஓடும்படி மாற்றித் தர, அதற்கென்று ஒரு பழைய கம்பைலர் வேண்டும். குழுவில் எழுதும் நிரலை அது ஏற்கும்படி திருத்துவது என் தலையில் விழுந்தது. மாட்டுங்கா வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு கிழட்டுக் கணினி, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. "இத இன்னும் எதுக்குடா வெச்சிண்டிருக்கே?" என்பாள் அம்மா, விளக்குமாற்றால் அதை இடித்துக்கொண்டே.

குழுவும் ஒருநாள் அதையே கேட்டது: அந்தப் பழைய கம்பைலரை விட்டுவிடலாமா? யாருக்காவது தேவையா என்று எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். தாராவியில் ஒரே ஒரு பட்டறைக்காக என்று வெளிநாட்டு நண்பர்களுக்கு எழுதக் கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு வேண்டியிருந்தது. 'எனக்குத் தெரிந்து யாரும் இல்லை' என்று எழுதினேன். நன்றி, நன்றி என்று பதில்கள் குவிந்தன.

சில மாதங்களில் அக்கா போன் செய்தார். பழைய பதிப்பில் ஒரு பிழை. துண்டுகள் ஒரு நூல் அளவு குறைந்து வந்து, அன்று வெட்டிய தோல் முழுக்கப் பாழ். திருத்தம் புதிய பதிப்பில்தான் இருந்தது, அது அவர் கணினியில் திறக்கவில்லை. நான் சுற்றி வளைத்து விளக்கி, கடைசியில் குழுவுக்கு எழுதிய பதிலையும் உளறிவிட்டேன்.

"யாரும் இல்லன்னா எழுதுன? நான் ஒருத்தி இருக்கேம்லா, தம்பி."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. அந்தத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்த்துத் தருவதாகச் சொன்னேன். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டு, ஒருவழியாக முடித்து எடுத்துக்கொண்டு போனபோது பட்டறை இருந்த இடத்தில் மொபைல் ரிப்பேர் கடை. அக்கா எங்கே போனார் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. போன் நம்பரும் மாறியிருந்தது.

இந்த முறையாவது பழைய கணினி வைத்திருக்கும் யாருடைய பெயரையாவது சொல்லிவிட வேண்டும் என்று, ரயில் செம்பூர் வரும்வரை ஒவ்வொரு முகமாக யோசித்துப் பார்த்தேன். பிறகு, 'எனக்குத் தெரிந்து யாரும் இல்லை' என்று எழுதினேன்.

இப்போது அது உண்மை.