அறுபத்திரண்டு வயது வட்ட அநாதை

யோவ்காவின் அப்பா அவளுடைய ஏழாவது வயதில் கல்குவாரி லாரி கவிழ்ந்து செத்துப் போனார். ஒன்பதாவது வயதில் அம்மாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் ரொட்டிக்கடைக்காரி யாரிடமோ சொன்னது குழந்தையின் காதில் விழுந்தது: "பாவம், இப்ப வட்ட அநாதையாயிட்டா."

அவர்கள் ஊரான செவ்லியேவோவில் அப்படித்தான் சொல்வார்கள். பெற்றவர்களில் ஒருவர் போனால் வெறும் அநாதை. இருவரும் போனால் வட்ட அநாதை. யோவ்காவுக்கு அது தெரியாது. குச்சி போலிருந்த தன் கைகால்களைப் பார்த்துக்கொண்டாள். இதில் எங்கே வட்டம்?

தன் வீட்டுக்கு அழைத்துப்போன வேலிகா சித்தியிடம் கேட்டாள்.

"வட்டம்னா முழுசுடி. மிச்சம் மீதி இல்லாம" என்றாள், அடுப்பில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த சித்தி.

சித்தி மகன் குறுக்கே புகுந்தான். "வட்ட முட்டாள்னு சொல்றோமே, அந்த வட்டம்தான்!"

கரண்டி அவன் முதுகில் விழுந்தது.

அந்த வருஷமே யோவ்கா எல்லாப் பாடத்திலும் முழு மதிப்பெண் வாங்கினாள். ஆசிரியை வகுப்பின் முன் நிறுத்தி, வட்டக் கெட்டிக்காரி என்று புகழ்ந்தாள். அநாதைக்கும் வட்டம், முட்டாளுக்கும் வட்டம், கெட்டிக்காரிக்கும் வட்டமா! வெகுநாள் அதையே யோசித்தாள். அப்புறம் அந்தச் சொல்லைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கச் சேர்ந்த அன்று, அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டவளிடம், "நான் வட்ட அநாதை" என்று பட்டம் வாங்கியவளைப் போலச் சொன்னாள்.

பஸ் டிப்போ மெக்கானிக் மின்ச்சோவைக் கட்டிக்கொண்டு போன வீட்டில் மட்டும் அது எடுபடவில்லை. மாமியார் நேதா ஒரே வெட்டாக வெட்டினாள். "இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேணாம். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அந்த நேதாவும் எண்பத்தெட்டு வயதில் போனாள். நாற்பதாம் நாள் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை எல்லோருக்கும் கொடுத்த பிறகு, மின்ச்சோ தன் ராக்கியா சாராயத்தில் கொஞ்சம் போனவளுக்கென்று தரையில் ஊற்றிவிட்டுச் சொன்னான்: "அப்பா எப்பவோ போயிட்டாரு. இனிமே நானும் வட்ட அநாதைதான்."

யோவ்காவுக்குச் சுருக்கென்றது. "அறுபத்திரண்டு வயசுல அநாதையா? பல்செட்டு வச்ச அநாதைய நான் பார்த்ததே இல்ல!"

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மின்ச்சோ சிரிக்கவில்லை. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. தான் சொன்னதில் என்ன தப்பு? எந்த வயசு வரைக்கும் அப்படிச் சொல்லலாம்? தேவாலயத்தில் மெழுகுவர்த்தி வாங்கும் சாக்கில் பாதிரியாரையே கேட்டாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார் அவர். "எங்கம்மா போனப்ப எனக்கு அம்பது. சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதனால சொல்லல. தோணாம இல்ல."

செர்ரி பழுத்த சமயம். ஒரு நாள் மின்ச்சோ பறித்த பழத்தை வழக்கம்போல இரண்டு பைகளில் போட்டான், இரண்டாவது பையைக் கட்டினான், கட்டிய பிறகு அதைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றான். அது எப்போதும் அம்மாவுக்கென்று எடுத்துவைக்கும் பை. சமையலறையிலிருந்து பார்த்த யோவ்கா வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"ஒம்பது வயசுல நீ என்ன பண்ணின?" என்று கேட்டான். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை.

"பொம்பளைங்க ஏப்ரன மோந்து பார்த்தேன். கடையில, பஸ்ல. எங்கம்மா வாசனை எதுலயாவது இருக்கான்னு."

"இருந்துச்சா?"

"ஒண்ணுல இருந்துச்சு. ரொட்டிக்கடைக்காரிகிட்ட. அதுக்குப் பிறகு தினமும் ரொட்டி வாங்க நானே போனேன்."

அவன் பையைப் பிரித்தான். இருவரும் படியில் உட்கார்ந்து தின்றார்கள்.

"சரி, வட்ட அநாதைன்னே வச்சுக்க" என்றாள். "ஆனா நான் சீனியர்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வர்னாவிலிருந்து மகள் போன் செய்தாள். "நாங்க ரெண்டு பேரும் வட்ட அநாதைங்க, ஜாக்கிரதையா பேசு" என்றான் மின்ச்சோ.

"அப்ப நான் யாருப்பா?"

"நீ இன்னும் ஒண்ணும் ஆகலடி" என்று பக்கத்திலிருந்து கத்தினாள் யோவ்கா. "எப்ப வர்ற?"