பாக்கலாமுங்க

அப்துல் நாசர் எதையும் சட்டென்று நம்பியதில்லை. அது அவருடைய குணம், பிழைப்பும் அதுதான். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளின் வரிசையில் அவர் கடை இருந்தது. பம்பு செட்டு மோட்டார்களில் இருந்து கழற்றிய பேரிங்குகளை வாங்கி விற்பார். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டால் தேய்ந்துபோன பேரிங்கும் புதிதுபோலத்தான் மின்னும். அதனால் அவர் பேரிங்கை விரலில் கோத்து ஒரு சுற்றுச் சுற்றி, காதோரம் வைத்துக் கேட்பார். உள்ளே எங்கேயாவது ஒரு குண்டு தட்டினால் கீழே வைத்துவிடுவார். அப்போதும் "வேண்டாம்" என்று அவர் வாயில் வராது.

"பாக்கலாமுங்க" என்பார்.

கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அந்தச் சொல்லின் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது இங்கே மரியாதை ஆகாது. பெண் பார்க்க வந்து பிடிக்காமல் போனவர்கள் அதைச் சொல்லித்தான் எழுந்து போவார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைக்காரர்கள் அவருக்குச் சந்தேக பாய் என்று பேர் வைத்திருந்தார்கள். "சந்தேக பாய் குடுத்த சாமான்னா நமக்குச் சந்தேகமே வேண்டாமுங்க" என்று அவர் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். நாசரும் சிரிப்பார். அந்தப் பேர்மீது அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. தன்னை ஏமாற்ற முடியாது என்று நினைப்பவனுக்கு வரும் பெருமை அது. அதை அவர் ஒரு நாளும் காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்ததில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் செங்கோடன் அவர் கடைக்கு வந்தார். முன்பு உடுமலைப்பேட்டையில் கொப்பரைத் தரகு பார்த்தவர். இப்போது சலவைச் சட்டையும் கையில் செல்போனுமாக இருந்தார்.

"ஏனுங்க பாய், இன்டர்நெட்டுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"பேப்பர்ல போட்டிருந்தானுங்க."

"அத ஒரு சுவருன்னு வெச்சுக்குங்களேன். ஒலகமே அந்தச் சுவத்தத்தான் பாக்குது. அதுல ஒரு பேனர் எடத்தை உங்க பேருல வாங்கிப் போடறீங்க. கம்பெனிக்காரங்க அதுல விளம்பரம் வெப்பாங்க. வர்ற வருமானத்துல உங்களுக்குப் பங்கு. அஞ்சாயிரத்துக்கு மாசம் ஐநூறு. நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாமுங்க."

"ஒண்ணுமே பண்ணாதவனுக்கு எதுக்குங்க குடுக்கறாங்க?"

"அதானுங்க பாய் கம்ப்யூட்டரு!"

பிறகு செங்கோடன் குரலைத் தாழ்த்தினார். "முக்கியமா ஒண்ணுங்க. இது வட்டி இல்லீங்க, பங்கு. உங்காளுக கூச்சப்படவே வேண்டாம்."

அந்த ஒரு சொல்தான் நாசர் குடியிருந்த கோட்டைமேட்டுக்குள் நுழைந்தது. கலவரத்துக்கும் குண்டுவெடிப்புக்கும் பிறகு அங்கே வியாபாரம் எழுந்து நிற்கவே இல்லை. வட்டி பாவம் என்று பேங்கில்கூடப் பணம் போடாமல் பீரோவில் வைத்திருந்தவர்கள் அங்கே பல பேர். பங்கு என்றதும் அவர்களுக்கு மனசு இளகியது. நாசரின் தங்கை ஜாஹிதாவும் அவர்களில் ஒருத்தி. புருஷன் இறந்த பிறகு தையல் தைத்தே மகள் ஷைமாவின் நிக்காஹ்வுக்கு ஐம்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீடு பேசி முடித்தாகிவிட்டது.

"நீங்க ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே. நீங்க சரின்னா நான் போடறேன்" என்றாள்.

நாசர் போனார். காந்திபுரத்தில் ஒரு மாடியில் 'இ-தோரணம்' என்று போர்டு தொங்கியது. உள்ளே குளிர்ந்த காற்று, கண்ணாடி அறை, ஒரு கம்ப்யூட்டர். தொலைபேசிக் கம்பி வழியாக இன்டர்நெட் பிடிக்கும்போது அது போட்ட கிறீச்சொலியைக் கேட்டு நாசர் பின்வாங்கினார்.

"பேரிங் போயிருச்சுங்க" என்றார்.

செங்கோடன் விழுந்து விழுந்து சிரித்தார். திரையில் சோப்பு விளம்பரம் ஒன்று மெதுவாக இறங்கியது. நாசர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"தீவாளி மாசம் விளம்பரம் கூடுமல்லங்க?"

"பின்னே? அள்ளிட்டுப் போகுமுங்க."

"அப்ப பங்கும் கூடணும். மத்த மாசம் கொறையணும். நீங்க எல்லா மாசமும் ஐநூறுங்கறீங்களே?"

"உங்களுக்கு ஏத்த எறக்கம் எதுக்குங்கன்னு கம்பெனியே சராசரி பண்ணிருதுங்க" என்றார் செங்கோடன், கண் இமைக்காமல்.

ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் அது பங்கு இல்லை, பேர் மாற்றி வைத்த வட்டிதான் என்று நாசருக்குப் பட்டது. விளம்பரத்தில் இருந்து வரவில்லை என்றால் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அதற்குப் பின்னால் நின்றது. ஆனால் குளிர்ந்த அறையில் உட்கார வைத்து, பாதாம் பால் கொடுத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? எழுந்து துண்டை உதறினார்.

"பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

தங்கையிடமும் அதையேதான் சொன்னார். விஷயம் முடிந்தது என்று மறந்துவிட்டார். மாதம் ஒன்று கழிந்த பிறகு, சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி உம்மல் குல்சும் பேச்சுவாக்கில் சொன்னாள்:

"ஜாஹிதாவுக்கு மொதப் பங்கு வந்திருச்சாமுங்க. ஷைமாவுக்குச் செருப்பு வாங்கியிருக்கா."

நாசர் பாதிச் சோற்றில் கையை எடுத்தார். கழுவிவிட்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

"பாக்கலாம்னா வேண்டாம்னுதானே அர்த்தம்? உனக்குத் தெரியாதா?"

"அது கடையிலண்ணே!" ஜாஹிதாவுக்கு அழுகை முட்டியது. "ஊட்டுல நீங்க பாக்கலாம்னா பாப்பீங்கல்ல? ஷைமாவப் பெரிய பள்ளிக்கொடத்துல சேக்கணும்னப்பவும் பாக்கலாம்னுதான் சொன்னீங்க. சேத்துவிட்டீங்களே! அந்தச் செங்கோடனும் வந்து, அண்ணனே பாத்துட்டுப் பாக்கலாம்னுட்டாரு, இன்னும் உனக்கு என்ன அம்மணி யோசனைன்னு கேட்டாரு."

நாசருக்கு அப்போதுதான் புரிந்தது. சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்ததே செங்கோடனுக்கு முதலாகிவிட்டது. சந்தேக பாயே மாடியேறி வந்து பார்த்தார் என்பதைவிடப் பெரிய விளம்பரம் அந்த ஊரில் எந்தச் சுவரில் எழுத முடியும்?

மறுநாள் காலை ஜாஹிதாவின் ரசீதை எடுத்துக்கொண்டு மாடியேறினார். இன்று நாளை என்று இழுப்பார்கள், சண்டை போட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனார். அங்கே நாற்காலியில் மயில்சாமி உட்கார்ந்திருந்தார். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். போர் மோட்டாருக்குப் பல வருஷமாக நாசரிடம்தான் பேரிங் வாங்குகிறார். மடியில் ஒரு மஞ்சள் பை.

"வாங்க பாய்! உங்களப் பத்தித்தான் பேசிட்டிருந்தோமுங்க" என்று எழுந்தார். "காயெல்லாம் சிலந்திப்பூச்சி புடிச்சுப் போச்சு. யாவாரி தொட்டுக்கூடப் பாக்க மாட்டேங்கறான். சரி, இதுலயாவது போட்டு வெப்பமேன்னு வந்தேன். நீங்களே வந்து பாத்தீங்களாமுங்க, அதுக்கப்புறம் என்ன யோசனை!"

செங்கோடன் மஞ்சள் பையை வாங்கி நோட்டுக்கட்டுகளை மேசைமேல் வைத்தார். எல்லாக் கட்டுகளும் தென்னை நாரால் கட்டப்பட்டிருந்தன. தோப்புக்காரர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டுகிற கட்டு. அவற்றை அள்ளிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனார். திரும்பி வந்ததும் நாசர் ரசீதை நீட்டினார்.

"தங்கச்சி காசை எடுத்துக்கறோமுங்க. கலியாணச் செலவு இருக்குது."

"அதுக்கென்னங்க பாய்! உங்க காசு, நீங்க எப்ப கேட்டாலும் உண்டு."

செங்கோடன் மறுபடி உள்ளே போனார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு பணத்தை வைத்து எடுத்து வந்து, அங்கே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாத்துக்குங்க! கேட்ட கையோட குடுக்கறமுங்க. இந்த மாதிரி எந்தப் பேங்குல குடுப்பான்?"

தட்டில் இருந்த கட்டுகளில் தென்னை நார் இருந்தது. அதே முறுக்கு, அதே முடிச்சு. நாசர் எடுத்தபோது கொப்பரைப் புகையின் வாசனை அடித்தது.

சுவரும் இல்லை, பேனரும் இல்லை. இந்த நாற்காலியில் இருந்து அந்த நாற்காலிக்குப் பணம் நகர்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் மயில்சாமி வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். தன் பணம் தன் முன்னாலேயே கை மாறுவது அவர் கண்ணில் படவில்லை. எல்லோரையும் போல அவரும் தட்டைத் தூக்கி வந்தவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாசர் கட்டுகளைத் துண்டில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மாடிப்படியில் மயில்சாமியும் கூடவே இறங்கினார்.

"கொஞ்சம் யோசிச்சுச் செஞ்சிருக்கலாமுங்க" என்றார் நாசர்.

"என்னங்க பாய் இப்படிச் சொல்றீங்க?"

"இல்லீங்க... எல்லாத்தையும் ஒரே எடத்துல போடாம..."

"உங்க காசைக் குடுத்துட்டாங்கல்ல?"

"குடுத்துட்டாங்க."

"அப்புறம் என்னங்க! சந்தேக பாய்ங்கறது சரியாத்தான் இருக்குது" என்று அவர் தோளில் தட்டிச் சிரித்தார் மயில்சாமி.

துண்டைப் பிரித்து, இந்த முடிச்சைப் பாருங்க, இது யார் போட்டதுங்க என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் கேட்ட பிறகு அந்தக் கட்டை மறுபடி சுருட்டிக்கொண்டு போக முடியாது. ஷைமாவின் நிக்காஹ் முன்னால் நின்றது. நாசர் படியைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். எச்சரித்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ளப் போதுமான அளவு எச்சரித்திருந்தார்.

"இதென்னங்க, நோட்டுல தேங்கா நாரு?" என்று வீட்டில் உம்மல் குல்சும் கேட்டாள். அவர் நாரை மட்டும் உருவி அடுப்பில் போட்டார். வட்டி கூடாது, சரி. இதற்கு என்ன பேர்? பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்கலாம். ஆனால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்பதால் நாசர் கேட்கப் போகவில்லை.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. மழைக்காலம் முடிவதற்குள் காந்திபுரத்து மாடியில் போர்டு இல்லை. செங்கோடனின் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பணம் போட்டவர்கள் படிக்கட்டில் கூடிக் கத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக உக்கடத்துக்கு வந்தார்கள்.

"நீங்க மட்டும் எப்படிங்க பாய் எடுத்தீங்க?"

பணிவான கேள்விதான். கடைசியில் 'ங்க' கூட இருந்தது. நாசர் குனிந்து பேரிங்கைத் துடைக்கத் தொடங்குவார். கம்பெனியில் அவருக்கும் கமிஷன் உண்டு என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அது பொய். பொய் என்று உரக்கச் சொல்லவும் அவருக்கு நாக்கு எழவில்லை.

மயில்சாமி வெகுநாள் கழித்து வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. போர் மோட்டாருக்கு பேரிங் வேண்டும் என்றார். நாசர் உள்ளே போய்த் தேடி, இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்தார். சுற்றிக் காதில் வைத்துக் கேட்டார்.

"அருமையா ஓடுதுங்க. வெலையப் பத்திப் பேச்சில்ல, எடுத்துட்டுப் போங்க."

மயில்சாமி அதைக் கையில் வாங்கினார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தானே விரலில் கோத்துச் சுற்றினார். காதோரம் கொண்டுபோய்த் தலையைச் சாய்த்து, அது சுற்றி நிற்கும்வரை கேட்டார். ஒரு தட்டல்கூட இல்லை. அது சீராக ஓடுவது நாசருக்கே கேட்டது.

பிறகு பேரிங்கைப் பலகைமேல் மெதுவாக வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பாக்கலாமுங்க" என்றார்.

நாசர் அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் எதிர்ச்சாரி டீக்கடைப் பக்கம் திரும்பி, இரண்டு விரலைக் காட்டினார்.