ஐந்தாம் மாடிச் செய்தியில் இரண்டு நொடி

லிஃப்ட்காரர் அந்தக் கட்டிடத்தை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. சுருட்டிக் கட்டிய மெத்தை, இரண்டு பைகள், ஒரு பிளாஸ்டிக் வாளி. பன்னிரண்டு வருடக் குடித்தனம் ஒரு சின்ன வண்டியில் அடங்கிவிட்டது. வாசலில் நின்று சாவிக்கொத்தைக் கழற்றி, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கையில் ஒவ்வொன்றாக வைத்தார். "இது மோட்டார் ரூம். இது மொட்டை மாடி. இது மீட்டர் பெட்டி, கொஞ்சம் மக்கர் பண்ணும், லேசாத் தூக்கித் திருப்பணும்." செயலாளர் வாங்கிக்கொண்டாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. வழியனுப்ப ஒருவரும் இறங்கி வரவில்லை.

மூன்றாம் மாடி பால்கனியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தொலைக்காட்சிச் செய்தித் தொழில் படிக்கும் மாணவி. இருபத்துநான்கு வயது. ஓராண்டுப் படிப்பில் எட்டாவது மாதம். வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். செய்திகளை அலசிப் பார்க்கும் பாடத்தில், யாருக்கு எத்தனை நொடி பேசக் கிடைத்தது என்று அளந்து கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். மற்றவர்கள் குத்துமதிப்பாக எழுதுவார்கள். இவள் அரை நொடியைக்கூட விடமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். "பெரியம்மாகூட நாப்பத்தோரு நிமிஷம் பேசியிருக்கே. அதுல அவங்க பேசினது ஆறு நிமிஷம்தான்" என்று அம்மாவிடம் சொல்லி, கரண்டியால் அடி வாங்கப் பார்த்தவள்.

அன்று பால்கனியில் அவள் வருத்தத்தோடு நின்றாள் என்று சொன்னால் அது பொய். நெஞ்சின் ஓர் ஓரத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவள் எடுத்த செய்தியால்தான் அவர் வேலையை விட்டுப் போகிறார். செய்திக்குப் பலன் கிடைத்தது என்று வகுப்பில் அதைச் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். ஐந்தாம் மாடியில் ஒரு பள்ளி ஆசிரியையும் அவர் கணவரும் குடியிருந்தார்கள். ஒரு காலை நேரத்தில் கணவருக்கு நெஞ்சுவலி. அவரை லிஃப்டில் ஏற்றிவிட்டு, வண்டி பிடிக்க டீச்சர் படி வழியாக முன்னே ஓடினார். லிஃப்ட் ஐந்துக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுவிட்டது. கதவைத் திறக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

லிஃப்ட்காரர் என்று பெயரே ஒழிய, பொத்தானை அழுத்துவது அவர் வேலை அல்ல. கட்டிடத்தின் தண்ணீர், விளக்கு, கேட், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. பருவத் தேர்வுக்குத் தொண்ணூறு நொடிச் செய்தி ஒன்று எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். தன் கட்டிடத்திலேயே செய்தி இருக்கும்போது வெளியே ஏன் அலைய வேண்டும்? அவள் கேமராவுக்கு ஒரு வகுப்புத் தோழனைக் கூட்டிக்கொண்டாள். ஆறடி உயரம், எந்நேரமும் தோளில் மூன்று கால் கேமரா ஸ்டாண்ட். வகுப்பில் அவனுக்கு வைத்த பெயர் முக்காலி.

முதலில் டீச்சரை அவர் வீட்டில் பேட்டி எடுத்தார்கள். பிறகு மோட்டார் அறையில் வைத்து லிஃப்ட்காரரைப் பேட்டி எடுத்தார்கள். நான்கு நிமிடம் பேசினார். கம்பியால் கதவை நெம்பியதில் கிழிந்த உள்ளங்கையில் அப்போதும் கட்டு இருந்தது. பேட்டி முடிந்தபிறகு, வழக்கம்போல, துண்டுக் காட்சிகள் சில எடுத்துக்கொண்டார்கள். ஒருவரின் பேச்சில் இரண்டு இடங்களை வெட்டி ஒட்டினால் படத்தில் தலை வெடுக்கென்று குதிக்கும். அந்தக் குதிப்பை மறைக்க இரண்டு நொடி வேறு படம் வேண்டும். ஒரு கை, ஒரு சாவிக்கொத்து, கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகம், எதுவானாலும் சரி. மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

கேமரா முன்னால் சும்மா நிற்கச் சொன்னதும் மனிதர் விறைத்துப்போனார்.

"என்னண்ணே, பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றான் முக்காலி. "நாங்க ஒண்ணையும் பிடுங்க மாட்டோம். எங்க வேலையே ஒண்ணையும் பிடுங்காம இருக்கறதுதான்."

லிஃப்ட்காரர் தன்னை மீறிச் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் பதிவானது.

இரண்டு நாள் கழித்துக் கல்லூரி எடிட்டிங் அறையில், மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, டீச்சரின் பேட்டியில் ஒரு குதிப்பு மிச்சமிருந்தது. "படியிறங்கி ஓடறப்போ உள்ளேயிருந்து தட்டற சத்தம் கேட்டுச்சு" என்பதற்கும் "நான் நிக்காம ஓடிட்டேன்" என்பதற்கும் நடுவே வெட்டு. அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. திரையின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக நின்றன. அதில் லிஃப்ட்காரர் முகம் ஒன்று, கண் சுருங்கி, உதடு இழுபட்டு, அழுகையை அடக்குவதுபோல் தெரிந்தது. எடுத்து ஒட்டினாள். குதிப்பு மறைந்தது. மணியும் அடித்தது.

வகுப்பிலேயே சிறந்த செய்தி என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர் சேனல் ஒன்று வாங்கி மாலை ஏழு மணிச் செய்தியில் போட்டது. படிப்பு முடிந்ததும் வேலைக்கு வரச் சொன்னார் சேனலின் செய்தி ஆசிரியர். அன்று மாலை அவள் வீட்டில் தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். முதல்முறை தன் குரலைத் தொலைக்காட்சியில் கேட்பவளுக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும். கண் செய்யாது. ஆறாம் நாள் சங்கம் கூடி, லிஃப்ட்காரர் அலட்சியமாக இருந்தார் என்று நோட்டீஸ் ஒட்டியது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் போனார்.

அவர் போய்ப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. அலசல் பாடம் நடத்தும் மேடம், ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கும் பயிற்சி வைத்தார். மாதிரிக்கு அவளுடைய செய்தியையே பெரிய திரையில் ஓட்டினார். பாராட்டத்தான். ஸ்டாப்வாட்ச் கட்டம் போட்ட தாளோடு தயாராக இருந்தாள்.

டீச்சர் வாய் அசைகிறது. கண்ணீர் வழிகிறது. அடுத்து, சுவர் அளவுக்கு லிஃப்ட்காரர் முகம்.

"இந்த ஆள் எதுக்குச் சிரிக்கிறான்?" என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

மேடம் படத்தை நிறுத்தினார். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். முக்காலி மெதுவாக, "அது நான் பல் டாக்டர் ஜோக் அடிச்சப்போ..." என்று ஆரம்பித்தவன் பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். அம்மா மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து காலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தச் செய்தியில லிஃப்ட்காரர் சிரிச்சது உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமே! ஒருத்தி வாழ்க்கையே போச்சுன்னு அழறா, இந்த மனுஷன் பல்லைக் காட்டறான். அதைப் பார்த்துத்தானேடி எல்லாருக்கும் வயிறு எரிஞ்சுது?"

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நல்லா இருக்குடி நியாயம். எடுத்தவ நீ. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

அன்று இரவே அவள் நான்கு நிமிடப் பேட்டியை மறுபடி முழுக்கப் பார்த்தாள். லிஃப்ட் சத்தம் போடுகிறது என்று சங்கத்துக்கு மூன்று தடவை எழுதிக்கொடுத்ததாக அவர் சொல்லியிருந்தார். அதில் பதினோரு நொடியைத்தான் அவள் வைத்திருந்தாள். ஊர் பார்த்தது அந்தப் பதினோரு நொடியையும் அல்ல, ஒட்டுப்போட்ட இரண்டு நொடியை.

சேனலுக்குப் போனாள். செய்தி ஆசிரியர் இரண்டு தொலைபேசிக்கு நடுவே அவள் சொன்னதைக் கேட்டார்.

"ரெண்டு செகண்டுக்கு மறுப்பு போட்டா, நாளைக்கு ஒவ்வொரு செகண்டுக்கும் ஒருத்தன் வாசல்ல வந்து நிப்பான்மா."

"நிக்கட்டும் சார். அவர் வேலை போயிடுச்சு."

"இங்க வேலைக்குச் சேரப்போற பொண்ணு நீ. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன்."

"அப்போ இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றார் அவர். அந்தச் சேனலிலிருந்து அப்புறம் அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முக்காலி எங்கிருந்தோ ஒரு பெரிய திரையைத் தூக்கி வந்திருந்தான். அவள் எழுந்து நின்று, வெட்டாத படம் முழுவதையும் போட்டாள். பேட்டி, கட்டுப்போட்ட கை, பல் டாக்டர், சிரிப்பு, குனிந்த தலை.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "அப்போ அவர் சிரிக்கவே இல்லைங்கறியாம்மா?"

"சிரிச்சார் சார். ஆனா அதுக்குச் சிரிக்கல. நான்தான் அதைத் தூக்கி அங்க வெச்சேன்."

"அவர் எழுதிக்கொடுத்தது..."

"மூணு தடவை. அது உங்க ஃபைல்லதான் சார் இருக்கணும்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"அந்தக் கம்பி பத்திச் சொல்ற இடத்தை இன்னொரு தடவை போடு."

போட்டாள். திரையில் லிஃப்ட்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னார்: "நெம்பிக்கிட்டே இருந்தேன். சார் உள்ளேயிருந்து, 'வெளிய யாராவது இருக்கீங்களா'ன்னார். 'நான் இருக்கேன் சார், போகமாட்டேன்'னேன். 'சரி'ன்னார். அதுக்கப்புறம் கேக்கல."

 தன் கணவர் கடைசியாகச் சொன்ன சொல் எது என்று அந்த நிமிடம்வரை டீச்சருக்குத் தெரியாது.

"இதை ஏம்மா வெட்டினே?"

"நேரம் இல்ல டீச்சர். தொண்ணூறு செகண்டுதான் குடுத்தாங்க."

"தொண்ணூறு செகண்டு" என்று டீச்சர் திருப்பிச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. டீச்சர் செயலாளர் பக்கம் திரும்பி, "அவரைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அவர் லிஃப்டில் ஏறுவதில்லை.

கூப்பிடத்தான் வழியில்லை. அவர் கைப்பேசிக்கு அழைப்பு போகவில்லை. முகவரி யாரிடமும் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்டுவைக்கவில்லை. அலட்சியம் என்று எழுதியதைச் சங்கம் திரும்பப் பெற்றது. வருத்தம் தெரிவித்து எழுதிய கடிதம், அனுப்ப இடமில்லாமல் செயலாளர் மேசையில் கிடந்தது. அந்தக் கடிதத்தையும் வெட்டாத படத்தையும் சேர்த்து அவள் லிஃப்ட்காரரின் எண்ணுக்கு அனுப்பினாள். கூடவே நாலு வரி: வெட்டி ஒட்டியது நான்தான், தப்பு என்னுடையது, மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதிகூட இல்லை, இது உங்களிடம் இருக்கவேண்டியது. போய்ச் சேரவில்லை என்று காட்டியது. அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி அனுப்பினாள். அதற்கடுத்த மாதமும்.

படிப்பை முடித்தாள். இறுதிக் கட்டுரைக்கு, எல்லாரும் பெரிய சேனல்களை அலசி எழுத, அவள் தன் இரண்டு நொடியைப் பற்றி முப்பது பக்கம் எழுதினாள். இப்போது அவள் செய்திகளைப் பதிவுசெய்து அளக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஜன்னல் இல்லாத அறை, எட்டுத் திரைகள், காதில் எந்நேரமும் ஒரு ஹெட்போன். ஒவ்வொரு செய்தியையும் முதலில் ஒலி இல்லாமல் பார்ப்பாள். பக்கத்து நாற்காலிக்காரி, "ஊமைப்படமா ஓடுது? டிக்கெட் எவ்வளவு?" என்று கேலி செய்வாள்.  முக்காலி ஒரு சேனலில் கேமராமேன் ஆகிவிட்டான். பேட்டி முடிந்தபிறகு அவன் யாரிடமும் ஜோக் அடிப்பதில்லையாம்.

பதினான்காவது முறை அனுப்பியது போய்ச் சேர்ந்தது. மூன்று நாள் கழித்து, மதியச் செய்தி முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போது, பதில் வந்திருந்தது.

"பாப்பா, நல்லா இருக்கியா. பழைய நம்பரை இப்பத்தான் திரும்ப வாங்கினேன். நீ அனுப்பினதை முழுசாப் பார்த்தேன். லெட்டரும் படிச்சேன். டீச்சர் நல்லா இருக்காங்களா. சார் பேசினதை அவங்க கேட்டாங்கன்னா எனக்கு அது போதும். வேலை வேற இடத்துல கிடைச்சுடுச்சு, அதைப் பத்தி நீ கவலைப்படாதே. ஒரு உதவி பண்ணு. என் மக அன்னிக்கு டிவியில பார்த்ததோட என்கூடப் பேசறதை விட்டுட்டா. நீ அனுப்பின படத்தைக் காட்டினேன். 'நீங்களே யாரையோ பிடிச்சு வெட்டி ஒட்டியிருப்பீங்கப்பா'ங்கறா. எடுத்தவ நீ. நீ சொன்னா ஒருவேளை நம்புவா. அவ நம்பர் கீழ போட்டிருக்கேன். பகல்ல வேலையில இருப்பா. ஆறு மணிக்கு மேல கூப்பிடு."