வாசலில் நின்ற ஆள்

கும்பகோணத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்துகொண்டு, என் அப்பாவை எங்கள் வீட்டு வேலையாள் என்று சொன்னேன். ஆறாம் வகுப்புப் பையன்தான். ஆனாலும் தெரிந்தேதான் சொன்னேன்.

குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா பண்ணையாள். ஊரில் முடிவெட்டுபவர் எங்கள் தெருவுக்காரர்களின் தலையைத் தொடமாட்டார். அப்பாதான் எனக்கு வெட்டிவிடுவார். அறுவடை முடிந்த வயல் மாதிரி அங்கங்கே கட்டை நிற்கும். கும்பகோணத்தில் விடுதியில் சேர்ந்ததும் பையன்கள் அந்தத் தலையைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த அப்பாவிடம் அழுதேன்.

“டவுன்ல நம்மள யாருடா கேக்கப்போறா? வா” என்று கடைத்தெருவில் இருந்த பழைய கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். சொன்னவர் படியேறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

கடைக்காரர் நாற்காலியின் கைப்பிடிகள்மேல் ஒரு பலகையைப் போட்டு என்னை உட்காரவைத்தார். பாதித் தலை ஆகியிருக்கும்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

சொன்னேன்.

“அங்க எந்தத் தெரு?”

கத்தரி நின்றுவிட்டது போல இருந்தது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்கள். பாதி வெட்டிய தலையோடு இறக்கிவிட்டால் விடுதிக்கு எப்படிப் போவது? அப்பா வேலைசெய்யும் பண்ணை வீடு இருந்த தெருவின் பெயரைச் சொன்னேன்.

“வாசல்ல நிக்கிறது யாரு?”

“எங்க வீட்டு ஆளு.”

அப்பாவுக்குக் கேட்டது. தலையை உள்ளே நீட்டி, “ஆமாங்க. சின்னய்யாவுக்கு முடி கண்ணுல விழுவுது. ஒட்ட வெட்டி விடுங்க” என்றார்.

திரும்பும்போது தெருமுனை வரை எனக்குப் பின்னால் நடந்து வந்தார். முனை திரும்பியதும் பக்கத்தில் வந்து, பிடரியைத் தடவிப் பார்த்து, “நல்லா வெட்டியிருக்காரு” என்றார். என்ன சாமர்த்தியமான அப்பா என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

படித்து முடித்து கும்பகோணத்திலேயே ஆசிரியர் வேலை கிடைத்த பிறகுதான் அந்தப் பெருமை என்னைக் குடையத் தொடங்கியது. ஒருநாள் அப்பாவை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். அதே கடைக்காரர், வயதாகியிருந்தார். அப்பாவைக் கையைப் பிடித்துப் படியேற்றினேன்.

“இவரு எங்கப்பாங்க. சின்ன வயசுல இதே கடையில, வேலையாளுன்னு பொய் சொன்னேன்.”

அப்பா சிரித்தார். “ஐயா அப்படித்தாங்க சொல்லுவாரு. சின்னதுலேருந்து தூக்கி வளத்த பாசம்” என்றார்.

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துணியை உதறி, “உக்காருங்க பெரியவரே” என்றார். தெரு எது என்று கேட்கவில்லை.

வெளியே வந்ததும், “ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க?” என்றேன்.

“நான் பஸ் ஏறிப் போயிருவேன். நாளைக்கும் நீ இந்தத் தெருவுலதானடா நடக்கணும்?”

அன்று நான் வேண்டுமென்றே அவருக்குப் பின்னால் நடந்தேன். சிறிது தூரம் போனதும் அவர் ஓரமாக ஒதுங்கி, நான் முன்னால் போவதற்காக நின்றார்.